ஒன்பதும் வாப்பாவிடம்

மகன்,

கடிதத்தை ஸலாத்தில் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன் என்று எடுத்துக்கொள். அடுத்து சுகம் விசாரிக்க வேண்டும். கொழும்பில் மச்சானின் அறையில் நீ சுகமாக இருப்பதை, உம்மாவுக்கு நீ அனுப்பிய குரல் செய்தியிலிருந்து தெரிந்துகொண்டேன். எனக்கு அனுப்பாத செய்தியை அவள் என் காதருகே பிடித்துக் கேட்க வைத்தாள். தோஹா வேலைக்கு வைத்தியப் பரிசோதனை முடித்துவிட்டாயாம். முடிவு வர ஒரு வாரமாகுமாம். அதற்குள் இதை எழுதிவிட வேண்டுமென்று மூன்று நாளாக மேசையில் உட்காருகிறேன், எழும்புகிறேன், உன் தங்கச்சியின் அரைகுறை வீட்டுக்குள் போய் அறை அறையாக நடக்கிறேன், திரும்பி வருகிறேன். உம்மா தேநீரை வைத்துவிட்டுப் போகிறாள், ஆறிய தேநீரை எடுத்துக்கொண்டு போகிறாள்.

இது உனக்கு மட்டுமான கடிதம் அல்ல. தங்கச்சியின் வீட்டு வேலையைக் கணக்கு வைக்க நீ போனில் போட்ட மென்பொருள் வெள்ளிக்கிழமை தோறும் யார் யாருக்கு அறிக்கை அனுப்புகிறதோ, அந்த மேசன், பைப் வேலைக்காரர், கரண்ட் வேலைக்காரர், மர வேலை செய்யும் ஓடாவி, தங்கச்சிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் வாப்பா எல்லோருக்கும் இது போகும். இன்னும் இரண்டு வீடுகளுக்கும் போகும். எந்த வீடுகள், ஏன் என்பது கீழே வருகிறது. இடையில் நிறுத்திவிடாதே. உன்னைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை, அங்கங்கே திட்டு வந்தாலும்.

போன வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். ஜும்ஆ முடிந்து எல்லோரும் மேல்தட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நாலு மணிக்கு எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. கரண்ட் வேலைக்காரன் தன் போனை எடுத்துச் சத்தமாக வாசித்தான். முடிவுக்காகக் காத்திருப்பவை: ஒன்பது. யாரிடம் என்ற கட்டத்தில் ஒன்பது தடவையும் ஒரே பெயர். என் முழுப் பெயரையாவது நீ அதில் போட்டிருக்கலாம். வாப்பா என்று போட்டிருந்தாய். "ஒன்பதும் வாப்பாவிட்டயாம்" என்று அவன் சொன்னதும் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் வாப்பாவும் தன் கடையில் இருந்துகொண்டு இதை வாசித்திருப்பார் என்று நினைத்துக் கொதித்தேன். அந்தக் கொதிப்போடு கீழே இறங்கினால், மலசலகூடத்தின் கழிவுக் குழாய் பழைய பிளானில் இருந்த பக்கத்திலேயே புதைந்து கிடக்கிறது. ஜவாதைப் பிடித்துக் கொட்டித் தீர்த்தேன். இருபது வருடமாகப் பைப் வேலை செய்கிற மனிதனிடம் எந்தக் கண்ணால் பார்த்தாய் என்று கேட்டேன். திங்கட்கிழமை நான்தான் வந்து அந்தப் பக்கம் போடச் சொன்னதாக அவர் மெதுவாகச் சொன்னார். நான் சொல்லவே இல்லை என்றேன்.

அப்போது நீ போனைத் தூக்கிப் பிடித்தாய். "புது பிளான் போட்டுப் பதினாறு நாள், வாப்பா. எல்லாரும் திறந்து பாத்திரிக்காங்க. நீங்க மட்டும் ஒருக்காவும் திறக்கல்ல. ஜவாத் காக்காட பிழை இல்ல இது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாய். அதுதான் என்னைச் சுட்டது. "அந்தப் போனத் தூக்கிக்கிட்டு வெளிய போ. இது என்ட மகள்ட வீடு" என்றேன். நீ போனாய். கேற்றைக் கூட மெதுவாகத்தான் சாத்தினாய்.

இனி என் பக்கத்தைக் கொஞ்சம் கேள். நான் படிக்காதவன் அல்ல. பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் முடித்து, நல்ல பெறுபேறோடு வெளியே வந்தவன். அரசாங்கத் திணைக்களத்தில் பன்னிரண்டு வருடம் உழைத்தேன். எனக்கு வரவேண்டிய பதவியை, மேலதிகாரியின் பைலைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்த ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவன் ஓய்வு பெற்றுவிட்டான். இன்றும் கல்முனைச் சந்தையில் கண்டால் சிரித்துக் கையைக் கொடுக்கிறான். நான் கையைக் கொடுப்பதில்லை. பிறகு வெளியே வந்து இந்தக் கரையில் வீடு கட்டினேன். தோஹாவில் நீ கட்டிய கோபுரங்களுக்கு ஒரு சொந்தக்காரர், ஒரு ஆலோசகர், ஒரு பிளான். இங்கே மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் நிக்காஹ் செய்கிறோம். திகதி குறித்த பிறகுதான் அத்திவாரமே வெட்டுவார்கள். பெண்ணின் வாப்பாவோடு நான் ஒப்பந்தம் எழுதுவேன். பெண்ணின் உம்மா சமைக்கிற குசினியை மாற்றுவா. மாமாமார் வந்து படிக்கட்டைத் திருப்பச் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்து, ஒன்றும் கேட்காத மாதிரி ஒரு பல்கனி கேட்பார்கள். எல்லாம் வாயால்தான். சொல்பவர் போய்விடுவார், மேசன் கையில் கரண்டியோடு நிற்பார். இதற்கிடையில் வெள்ளாமை வெட்டு வந்தால் கூலியாட்கள் பாதிப்பேர் வயலுக்குப் போய்விடுவார்கள். மாரி தொடங்கினால் மண் லொறி குறுகிய ஒழுங்கைக்குள் வராது. இரும்பை முந்தி இறக்கினால் கடற்காற்றில் துருப்பிடிக்கும், பிந்தி இறக்கினால் ஆட்கள் சும்மா இருப்பார்கள். இத்தனையையும் முப்பது வருடம் என் தலைக்குள் வைத்துச் சுமந்தேன். அதை நீ தோஹாவிலிருந்து வந்த ஆறு மாதத்தில் ஒரு போனுக்குள் போட்டாய். எனக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். உன் மென்பொருள் வேலை செய்தது. வெட்டு தொடங்க முதலே எந்த மேசன் எந்தக் கிழமை வயலுக்குப் போவான் என்று கேட்டுப் பதிந்து, பூச்சு வேலையை அதற்கு முன்னால் இழுத்து வைத்தாய். கம்பி இறக்கிய பத்தாம் நாள் மேல்தட்டுக்குக் கொங்கிறீட் போட்டோம். ஒரு கம்பியிலும் துரு இல்லை. சுவரைப் பூச முன் ஒவ்வொரு குழாயையும் வயரையும் படமெடுத்து வைக்கச் சொன்னாய். அது வீண் வேலை என்றேன். மேல் அறையில் கரண்ட் வராதபோது அந்தப் படத்தைப் பார்த்து ஒரு சாண் அகலத்துக்குச் சுவரை வெட்டிக் காரியத்தை முடித்தார்கள். என் காலமாக இருந்தால் மூன்று சுவர் போயிருக்கும். தங்கச்சிக்கு மாமியாராக வரப்போகிறவர் குசினி ஜன்னலை மற்றப் பக்கம் வைக்கச் சொன்னபோது, நீ மரியாதையாக அதைப் பதிந்து அவருக்கே காட்டினாய். ஜன்னல் மாறினால் நிக்காஹுக்குப் பிந்தி எத்தனை நாளில் வீடு முடியும் என்று அது சொன்னது. மாமி வாசித்துவிட்டு, இருக்கிற இடத்திலேயே காற்று நன்றாக வருமாக்கும் என்றார். முப்பது வருடத்தில் எனக்காக எந்த மாமியும் ஜன்னலை விட்டுக்கொடுத்ததில்லை. அன்று உன்மேல் எனக்கு வந்தது பெருமை மட்டும் அல்ல.

இதெல்லாம் தெரிந்தும் பதினாறு நாள் புதுப் பிளானை நான் ஏன் திறக்கவில்லை? கண் தெரியவில்லை என்று உம்மாவிடம் சொன்னேன். கண் நன்றாகத் தெரிகிறது. யார் எந்தப் பிளானை எந்த நாளில் திறந்தார் என்று அது எழுதிக்கொள்கிறது என நீ முதல் நாளே பெருமையாகச் சொன்னாய். அன்றிலிருந்து அந்தப் போனைத் தொட எனக்குக் கை கூசியது. இதை விளங்க வைக்க வேண்டுமென்றால் ஒரு பழைய விடயத்தைச் சொல்ல வேண்டும். உம்மாவுக்கும் தெரியாது.

நீ ஆறாம் வகுப்பில் இருந்த காலம். திணைக்களத்தில் இருந்துகொண்டே வெளியே வீடு கட்டத் தொடங்கியிருந்தேன். நிந்தவூரில் ஒரு முதலாளியின் மகளுக்கு மாடி வீடு, எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மேசன், காரைதீவுத் தங்கராசா அண்ணன். உனக்கு நினைவிருக்கும், உன்னைச் சீமெந்துப் பையின் மேல் உட்கார வைத்து ரசமட்டத்தைக் கையில் தந்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று கேட்பார். வீடு பிரதான வீதியைப் பார்த்து இருக்கும்படி பிளான் கீறியிருந்தேன். அத்திவாரம் வெட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், முன்பக்கக் காணியில் மகனுக்குக் கடை வேண்டும், வீட்டு வாசல் தெற்கு ஒழுங்கைப் பக்கம் வரட்டும் என்றார் முதலாளி. பிளானை அப்படியே கால் வட்டம் திருப்பிக் கொடுத்தேன். எல்லாம் அழகாகப் பொருந்தியது. ஆனால் வடக்கே பார்த்திருந்த மலசலகூடத்து இரண்டு கொமட்டும் வீட்டோடு சேர்ந்து திரும்பி, மேற்கே பார்த்தன. தொழுகிற கிப்லாவை நோக்கி, மலசலம் கழிக்க உட்காரக் கூடாத திசையில்.

வேலை பாதியில் இருக்கும்போது ஒரு நாள் அஸர் தொழுகையில் நிற்கிறேன். சைட்டுக்குப் பக்கத்துப் பள்ளி. தொழுகையில் மனம் வேலைக்குப் போய்விட்டது, அல்லாஹ் மன்னிக்கட்டும். என் முகம் இருக்கும் திசையையும் என் பிளானையும் ஒன்றாக நினைத்த கணத்தில் பிழை பிடிபட்டது. ஓடிப்போய்ப் பிளானைத் திருத்தி, திகதி போட்டு, தங்கராசாவுக்கு ஒரு பிரதி எடுத்துக் காரில் வைத்தேன். சைட்டுக்குப் போகும் வழியில்தான் பதவி மற்றவனுக்குப் போன செய்தி வந்தது. காரைத் திருப்பி அம்பாறையில் இருந்த திணைக்கள அலுவலகத்துக்கு விட்டேன். மேலதிகாரியோடு கத்தினேன், பயன் இல்லை. அதன் பிறகு பல கிழமை என் மூளையில் அவனைத் தவிர வேறொன்றும் இல்லை. சாப்பிடும்போதும் அவனோடுதான் தர்க்கம். பிளான் கொடுத்துவிட்டேன் என்றே என் மனம் பதிந்துகொண்டது. சைட்டுக்குப் போனேன், கொமட் வைத்த பிறகு உள்ளே எட்டிப் பார்க்கக் கூட இல்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்க மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரிய மாமா மலசலகூடத்துக்குள் போனவர், வெளியே வந்து, "கிப்லா எந்தப் பக்கம், எஞ்சினியர்?" என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. முதலாளி உள்ளே போய்ப் பார்த்தார். பெண்கள் மற்ற அறைக்குப் போய்விட்டார்கள். நான் தங்கராசாவைக் கூப்பிட்டேன். அண்ணன் என்று அழைத்தே பழகிய வாயால், அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ வேணுமெண்டுதான் இப்பிடி வச்சிருக்காய்."

பக்கத்துப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சொல்லின் பாரம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதைச் சொன்னால் எல்லோரும் உடனே நம்புவார்கள் என்று தெரியும். நம்பினார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த பிளானை எடுத்து விரித்தார். "நீங்க தந்ததுல எப்பிடிக் கிடக்கோ அப்பிடித்தான், சேர், வச்சன்" என்றார். இது பழையது, புதியது கொடுத்தேன் என்றேன். தன் கைக்கு வரவில்லை என்றார். பொய் சொல்லாதே என்றேன். அவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த மூன்று நாளும் தனியாக வந்து, இரண்டு கொமட்டையும் உடைத்து, குழாயை மாற்றி, வடக்கே திருப்பி வைத்து, தரையைப் பழையபடி ஒட்டிவிட்டுப் போனார். போனவர் திரும்பவில்லை. நம்முடைய ஊர்களில் அதன் பிறகு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

அடுத்த வருடம் காரை விற்க முன் சீற்றுகளைக் கழற்றிக் கழுவக் கொடுத்தேன். பின் சீற்றுக்கு அடியில் அந்தப் புதுப் பிளான். திகதி, திருத்தம், என் கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. அதைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இத்தனை வருடமாக நான் எல்லோர் மேலும் வளர்த்த வன்மத்தில் பாதி அந்த அலுமாரியில் இருந்து வந்ததோ என்று இப்போது யோசிக்கிறேன். யார் மேலாவது கோபமாக இருந்தால் அதைத் திறக்கத் தேவையில்லை. உன் மென்பொருள் அன்று இருந்திருந்தால், புதுப் பிளான் அவர் போனுக்கு வந்திருக்கும், பழையது தானாக விலகியிருக்கும். வராவிட்டாலும், அவர் அதைத் திறக்கவில்லை, நான் அதை அனுப்பவே இல்லை என்று எழுதியிருக்கும். எனக்கு உன் போன் மேல் இருந்த பயம் இதுதான். ஜவாதிடம் நான் கத்தியபோது நீ திரையைத் தூக்கிப் பிடித்தாயே, எனக்கு அதில் தெரிந்தது தங்கராசாவின் சட்டைப் பைக் கடதாசி.

போன செவ்வாய்க்கிழமை அலுமாரியைத் திறந்தேன். பிளானை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனேன். நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போனாலும் கால் மணித்தியாலம் ஆகாது. தங்கராசா வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். கண்டதும் எழும்பவில்லை. "என்ன சேர், வழி மாறி வந்திட்டீங்களா?" என்றார். அவருடைய மனைவி கதிரை கொண்டுவரப் பார்த்தா. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் நின்றபடியே பிளானைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தார். பிறகு வடக்கைக் காட்டும் அம்புக்குறியில் விரலை வைத்து, கொமட் வரை இழுத்துக்கொண்டு போனார்.

"சரியாத்தான் கீறியிருக்கீங்க" என்றார். எங்கே கிடந்தது என்று கேட்டார். சொன்னேன். எப்போது கிடைத்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஜவாதின் விடயத்தையும் சொன்னேன், நீ போனதையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்ற சொல்லும் ஒருவாறு வெளியே வந்தது. அவர் பிளானை மடித்து என்னிடமே நீட்டினார்.

"எனக்கிட்ட எதுக்குச் சேர் சொல்றீங்க? நான் பிழை விடல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரியாத ஆக்களுக்குப் போய்ச் சொல்லுங்க."

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் கேட்டேன். தங்கச்சியின் வீட்டில் கொமட் வைக்கும் நாளில் வந்து நிற்பாரா என்று. முழங்கால் மடங்குவதில்லை, வேலை செய்ய முடியாது, பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லலாம் என்றார். பிறகு ஒரு சிரிப்பு, எனக்குப் பழக்கமான சிரிப்பு. "முதல்ல சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லி முடிங்க. மறுகா பிளானக் கொண்டு வாங்க. இந்த முறை திகதியப் பாத்துத்தான் கையில எடுப்பன்."

அதனால்தான் இந்தக் கடிதம் எல்லோருக்கும் போகிறது. நிந்தவூர் முதலாளி வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வாசலில் வைத்துவிட்டு வரமாட்டேன், அவர் வாசித்து முடிக்கும்வரை இருப்பேன். அந்தப் பெரிய மாமா இன்னும் இருக்கிறார் என்று கேள்வி. அவர் வீட்டுக்கும் போவேன். ஜவாத், இதை நீங்கள் வாசிக்கும்போது தெரிந்துகொள்ளுங்கள், திங்கட்கிழமை அந்தப் பக்கம் போடச் சொன்னவன் நான்தான். மாப்பிள்ளையின் வாப்பா இதை வாசித்து என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று யோசித்து யோசித்து இரண்டு நாளைப் போக்கினேன். நினைக்கட்டும்.

மகன், போகாதே என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் அதையும் ஒரு நாள் உன் மேல் பழியாகச் சுமத்துவேன், என்னை எனக்குத் தெரியும். தோஹாவில் உன் பேச்சைக் கேட்க நூறு பேர் இருக்கிறார்கள், இங்கே ஒரு வாப்பாவைக் கேட்க வைக்க உனக்கு ஆறு மாதம் போய்விட்டது. நீ போனாலும் இந்த மென்பொருளை இந்த வீட்டிலிருந்து நான் எடுக்கப் போவதில்லை. கரண்ட் வேலைக்காரன் எனக்குப் பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறான், கொஞ்சம் நையாண்டியோடு. தங்கராசாவின் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பிளான் எப்போது அனுப்பினோம் என்று இனி அவர் தன் கையிலேயே வைத்திருப்பார்.

ஒன்பதில் எட்டை முடித்துவிட்டேன். படிக்கட்டுக் கைபிடி, குசினி மாபிள், முன் கதவின் மரம், எல்லாம். உம்மாவும் தங்கச்சியும் கூட இருந்தார்கள். ஒரு சண்டைதான் வந்தது. ஒன்பதாவது, மலசலகூடத்தின் பிளான். அதைப் பதினாறு நாளும் அதன் பிறகு ஒரு கிழமையும் கழித்துத் திறந்தேன். வடக்கு அம்புக்குறியைப் பார்த்தேன், வீட்டுக்குள் போய் அந்த இடத்திலேயே நின்று திசை பார்த்தேன், திரும்பவும் திரையைப் பார்த்தேன். சரியாகத்தான் கீறியிருக்கிறாய். ஒப்புதல் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பிளானுக்கு இரண்டு பேர், சைட்டில் நின்று பார்த்து, ஒப்புதல் தர வேண்டுமென்று நீதான் அமைத்து வைத்திருக்கிறாய். ஒருவர் நான். மற்றவர் பெயரை மாற்றலாம் என்று கரண்ட் வேலைக்காரன் சொன்னான். மாற்ற வேண்டாம் என்றேன்.

இன்று நாலு மணிக்கு எல்லோருடைய போனும் சத்தம் போடும். காத்திருப்பது: ஒன்று. யாரிடம் என்ற கட்டத்தில் உன் பெயர்.

வாப்பா